ரீஃபர் ஒண்டோ ரெண்டோ: 'த'வும் 'எ'யும் சேந்து பாத்த வேலை

இதை எழுதலாமோ எண்டு கொஞ்ச நாள் யோசிச்சனான், ஏனெண்டா இதில பாதிப் பிழை என்னுடையது. என்னட்டப் படிக்கிற பொடியன் "எழுதுங்கோ மிஸ், பேர் மட்டும் வேண்டாம்" எண்டு சொன்னபடியா எழுதுறன். தம்பி எண்டே சொல்லுறன், கொம்பனிப் பேரும் வராது.

நான் வெள்ளவத்தையில வீட்டு முன் ஹோல்ல, பின்னேரத்தில, வேலைக்குப் போறவைக்கு இங்கிலிஷ் சொல்லிக் குடுக்கிறனான். வாற ஆக்களில முக்கால்வாசிப் பேருக்கு வாய் திறக்கப் பயம். தம்பிக்கு அது இல்லை, நல்லாக் கதைப்பார், அவருக்குப் பிரச்சினை எழுத்து. வயசு 24, வவுனியாவில படிச்சிட்டு வந்து இஞ்ச போடிங்ல இருக்கிறார், கோட்டைப் பக்கம் ஆக்களின்ர சாமானைக் கப்பல்ல அனுப்ப ஒழுங்கு செய்து குடுக்கிற ஒரு ஃபிரெயிட் ஃபோர்வடிங் ஒஃபிஸ்ல டொகியுமென்டேஷன் வேலை, விடிஞ்சாப் பொழுதுபட்டா மெயில்தான். வரேக்கயே சொல்லிப்போட்டார், "மிஸ், எனக்கு த எங்க போடுறது எ எங்க போடுறது எண்டது மட்டும் விளங்கினாக் காணும், மிச்சம் நான் பாத்துக்கொள்ளுவன்" எண்டு. டி-எச்-ஈ எண்டு எழுதுறதை இதில 'த' எண்டும், தனி ஏ எழுத்தை 'எ' எண்டும், ஏ-என்னை 'அன்' எண்டும் எழுதுறன், வாசிக்க லேசா இருக்கும்.

என்ன நடந்தது

மாலைதீவின்ர தலைநகர் மாலேக்குப் போக ரெண்டு ரீஃபர் கொன்டெய்னர், ஒரே கஸ்டமர், ஒரே கப்பல். ரீஃபர் எண்டா குளிரூட்டுற பெட்டி, யாட்டில நிக்கேக்க கரண்டில ப்ளக் பண்ணியே வைக்கோணும். ஒண்டில மரக்கறி, மற்றதில ஃப்ரோஸன் சாமான், மைனஸ் 18ல போறது. முதல்நாள் முழுக்க கஸ்டமரோட போன மெயில் எல்லாம் ஃப்ரோஸன் பெட்டியைப் பற்றித்தான், டெம்பரேச்சர் செட்டிங் சரியோ, சீல் நம்பர் என்ன எண்டு. அடுத்தநாள் காலம்பற தம்பி யாட்டுக்குப் போறார், போய்ப் பாத்தா மரக்கறிப் பெட்டியின்ர ப்ளக் கழண்டு கிடக்கு. அந்த இடத்தில நிண்டுகொண்டே ஃபோன்ல ஒரு மெயில் தட்டி விட்டார்: "த ரீஃபர் ஹேஸ் எ ப்ரொப்ளம். வீ ஆர் செக்கிங்."

அவருக்கு முன்னால நிக்கிறது மரக்கறிப் பெட்டி, அவருக்கு அதுதான் 'த ரீஃபர்'. மாலேயில இருக்கிற மனுசனுக்கு நேத்து முழுக்கக் கதைச்சது ஃப்ரோஸன் பெட்டி, அவருக்கு 'த ரீஃபர்' எண்டா அது. மனுசன் "எது" எண்டு கேக்கவே இல்லை, ஏன் கேக்கப்போறார், 'த' எண்டு எழுதினா எது எண்டு உமக்குத் தெரியும்தானே எண்டு அர்த்தம், அவர் தனக்குத் தெரியும் எண்டுதான் நினைச்சவர்.

இதோட நிண்டிருந்தாலும் ஒரு கோல்ல முடிஞ்சிருக்கும். மத்தியானம் தம்பி தன்ர மெயிலைத் திரும்ப வாசிச்சிருக்கிறார், வாசிக்கேக்க என்ர க்ளாஸ் ஞாபகம் வந்திட்டுது. முதல்தரம் சொல்லேக்க எ, ரெண்டாந்தரம் சொல்லேக்க த, இது நான் போர்ட்ல பெரிசா எழுதி அடியில கோடும் போட்டுக் குடுத்த ரூல். ஐயோ காலம்பற முதலே த போட்டிட்டனே, சரி இந்த மெயில்லயாவது முறையா எழுதுவம் எண்டு இப்பிடி எழுதிப்போட்டார்: "எ ரீஃபர் வாஸ் அன்ப்ளக்ட் ஃபோ ஃபோர் அவர்ஸ். த ரீஃபர் இஸ் ரன்னிங் நவ்."

இந்த ரெண்டு வசனத்தையும் தனியா வெட்டி என்னட்டத் தந்தா நான் ரைட் போட்டிருப்பன், முதல்ல எ, பிறகு த, புத்தகத்தில இருக்கிற மாதிரியே. ஆனா மாலேயில அந்த மெயில் தனியாப் போய்ச் சேரேல்ல, காலம்பற மெயிலுக்குக் கீழ போய்க் குந்திச்சுது. அந்த மனுசன்ர கணக்கு: காலம்பற ஃப்ரோஸன் பெட்டி பழுது, இப்ப இன்னொரு பெட்டியும் பழுது, ஆக ரெண்டும் போச்சு. ரெண்டையும் ஏத்தாதேங்கோ எண்டு நேர ஷிப்பிங் லைனுக்கே எழுதிப்போட்டார். கப்பல் போட்டுது. ஒரு குறையும் இல்லாத ஃப்ரோஸன் பெட்டி அடுத்த கப்பல் வருமட்டும் யாட்டில கரண்ட் குடிச்சுக்கொண்டு நிண்டுது, காசு கொம்பனி தலையில. மனேஜர் ராத்திரியே கோல் எடுத்து ஆர் இந்த மெயில் எழுதினது எண்டு ஏசினதைப் பற்றி தம்பி கனக்கச் சொல்லேல்ல, நானும் கேக்கேல்ல.

ஒஃபிஸ்ல ஃபைல் வச்சு வேலை செய்யிற ஆக்களுக்கு இது லேசா விளங்கும். ஐரீன் ஹைம் எண்ட மொழியியலாளர் 1982ல தன்ர கலாநிதிப் பட்ட ஆய்வில இப்பிடித்தான் சொன்னவ: கேக்கிற ஆளின்ர மண்டைக்குள்ள ஒரு ஃபைல் இருக்கு, அதில அட்டை அட்டையாக் கிடக்கு, 'எ' எண்டு சொன்னா புது அட்டை ஒண்டு திற, 'த' எண்டு சொன்னா ஏற்கனவே இருக்கிற அட்டையை எடுத்து அதில எழுது. தம்பி காலம்பற பிழையான அட்டையில எழுத வச்சார், மத்தியானம் தேவையில்லாத புது அட்டை ஒண்டைத் திறக்க வச்சார். ஒரு ப்ளக்குக்கு ரெண்டு அட்டை.

மெயில் கட்டு

நான் முதல் நினைச்சது எல்லா டீச்சரும் நினைக்கிறதுதான். தமிழில த, எ மாதிரி ஆர்ட்டிகிள் இல்லை, பாவம் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு போடுது, சிலது படும் சிலது படாது. அப்பிடி நினைச்சுத்தான் ரூல் பேப்பரைக் குடுத்தனான், சன், மூன் எல்லாத்துக்கும் த, ஆறு கடலுக்குத் த, முதல்தரம் எ, ரெண்டாந்தரம் த, உயிரெழுத்துச் சத்தத்துக்கு முன்னால அன். இதில கடைசி ரூலுக்கு எங்கட பிள்ளையளுக்கு டீச்சரே தேவையில்லை. ஒரு மரம், ஓர் ஊர் எண்டு சின்ன வகுப்பிலயே படிச்ச ஆக்கள், எ-அன் அவையளுக்கு அதே விளையாட்டு. இங்கிலிஷ்ல அந்த 'அன்' வந்ததே ஒண்டு எண்ட சொல்லில இருந்துதான், 'ஒரு' மாதிரியே. ஆனா ஸ்கூல்ல கூட நேரம் போறது அதிலதான், ஏனெண்டா அதைத் திருத்திறது லேசு.

சம்பவத்துக்குப் பிறகு அந்த மாசம் அவர் அனுப்பின மெயில்ல அம்பது போலப் ப்ரின்ட் எடுத்துக் கொண்டு வரச்சொன்னன், விலையள், பேருகள் எல்லாத்தையும் கறுப்பு மார்க்கரால அழிச்சுப்போட்டுக் கொண்டந்தார். சாப்பாட்டு மேசையில பரப்பி வச்சு த எல்லாத்துக்கும் மஞ்சள், எ எல்லாத்துக்கும் பச்சை அடிச்சம். ஒரு மணித்தியாலம் பாத்தும் எனக்கு ஒண்டும் பிடிபடேல்ல. ஒரே சாமானுக்கு ஒரு மெயில்ல த, இன்னொண்டில எ. பிறகு சும்மா ஒரு பேச்சுக்கு, ஒவ்வொரு மெயிலா எடுத்து "இதை நீர் எப்பிடி அறிஞ்சனீர்" எண்டு கேட்டுக்கொண்டு வந்தன். இது நான் கண்டது மிஸ், மஞ்சள். இது டிரைவர் கோல் எடுத்துச் சொன்னது, பச்சை. இது பேப்பர் என்ர கையில இருந்தது, மஞ்சள். இது சீஃப் க்ளார்க் சொல்லி எழுதினது, பச்சை. பத்துக்கு எட்டு அப்பிடியே வந்து விழுந்துது, எனக்கு மயிர் கூச்செறிஞ்சிட்டுது.

பொடியன் கண்ணை மூடிக்கொண்டு போடேல்ல. அவருக்கு ஒரு சட்டம் இருக்கு, அதை ஒழுங்காத்தான் கடைப்பிடிக்கிறார், ஆனா அது இங்கிலிஷ்காரன்ர சட்டம் இல்லை. *எனக்கு* எது எண்டு தெரிஞ்சா த, எனக்கே வடிவாத் தெரியாட்டி எ. இங்கிலிஷ் கேக்கிறது அதையில்ல, *வாசிக்கிற ஆளுக்கு* எது எண்டு தெரியுமோ எண்டு.

இது எங்கட ஆக்களுக்கு மட்டும் வாறதுமில்லை. தானியா ஐயோனின், ஹீஜியோங் கோ, கென் வெக்ஸ்லர் எண்ட மொழியியல் ஆய்வாளர் மூண்டு பேரும் 2004ல ரஷ்ய, கொரிய மொழிக்காரரை வச்சுச் செய்த ஆய்வில இதுக்குக் கிட்டின சாமான்தான் வந்தது. அந்த ரெண்டு மொழியிலயும் ஆர்ட்டிகிள் இல்லை. அந்த ஆக்கள் இங்கிலிஷ் எழுதேக்க, சொல்லுறவற்ர மனசில குறிப்பிட்ட ஒண்டு இருந்தா, கேக்கிறவருக்குத் தெரியாட்டிலும் த போடப் பாக்கினம். தம்பிக்கு இதைச் சொன்னதும் முகம் கொஞ்சம் தெளிஞ்சுது, "அப்ப நான் மடையன் இல்லை என்ன" எண்டார்.

தமிழில இதின்ர வேர் எங்க எண்டும் பாக்கோணும், ஆர்ட்டிகிள் இல்லை எண்டதோட விட்டா அது அரைக்கதை. "கொன்டெய்னர் பாத்தன்" எண்டா ஏதோ கொன்டெய்னர். "கொன்டெய்னரைப் பாத்தன்" எண்டா உமக்கும் எனக்கும் தெரிஞ்ச அது. ஒரு ஐ உருபுதான், அது 'த' செய்யிற வேலையில பாதியைச் செய்து போட்டுப் போகுது. பொறி எங்க இருக்கெண்டா, "ஒரு கொன்டெய்னரைப் பாத்தன், உள்ள முழுக்கத் தண்ணி" எண்டும் நாங்கள் சொல்லுவம், எனக்கு எது எண்டு தெரியும், உமக்குத் தெரியாது, ஆனா ஐ வரும். ஆக ஐ சில நேரம் என்ர மனசைக் காட்டும், சில நேரம் எங்கட ரெண்டு பேரின்ர மனசையும் காட்டும். தம்பி அந்த ஐயைத் தூக்கிக்கொண்டு போய் அப்பிடியே 'த' ஆக்கிப்போட்டார். அதோட எழுவாய்க்கு உருபே இல்லை, "ரீஃபர் பழுதாப் போச்சு" எண்டா எது எண்டு முகத்தைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கோணும். மெயில்ல முகம் எங்க.

சரி, வருத்தம் என்னெண்டு தெரிஞ்சிட்டுது, மருந்து தெரியேல்ல. அது தற்செயலா வந்தது. அண்டைக்கே, மேசையில பேப்பர் பரந்து கிடக்க, அவருக்கு யாட்டில இருந்து சிங்களத்தில கோல். ப்ளேன்டீயை வச்சிட்டு எழும்பி யன்னல் பக்கம் போய்க் கதைக்கிறார், அங்கால ஆரோ புது ஆள் போல, நடந்ததை முதல்ல இருந்து சொல்லுறார்: "ரீஃபர் எக்கக் ஓஃப் வெலா திபுணா. ஏ ரீஃபர் எக்க தென் ஹரி."

சிங்களம் தெரிஞ்ச ஆக்களுக்கு விளங்கியிருக்கும், தெரியாதவைக்கு: ஒரு ரீஃபர் ஓஃப் ஆகிக் கிடந்தது, அந்த ரீஃபர் இப்ப சரி. எக்கக் எண்டா கேக்கிறவருக்குப் புதுசு, ஒரு ரீஃபர். எக்க எண்டா இப்ப சொன்னமே அது. ஒரு சொல்லுக் கடைசியில ஒரு க் இருந்தா எ, இல்லாட்டி த. இங்கிலிஷ் மெயில்ல ரெண்டு பெட்டியைக் கவிழ்த்த அதே பொடியன், அதே ரீஃபரைப் பற்றி, ஒரு செக்கன் யோசியாமல் முழுச் சரியாச் சொல்லுறார், அதுவும் அந்தப் புது ஆளுக்கு எது தெரியும் எது தெரியாது எண்டதைக் கணக்குப் பாத்து. கோலை வச்சதும் "தம்பி, இப்ப ஏன் முதல்ல எக்கக் எண்டு சொன்னனீர்?" எண்டு கேட்டன். "அவனுக்குத் தெரியாதே மிஸ், அவன் இண்டைக்குத்தான் ட்யூட்டிக்கு வந்தவன்." இந்தப் பதிலுக்காகத்தான் நான் ரெண்டு மாசமா போர்ட்ல எழுதி எழுதி அழிச்சுக்கொண்டிருந்தனான்.

அவருக்குச் சிங்களத்தில ஆரும் ரூல் சொல்லிக் குடுக்கேல்ல. காலி வீதியில பஸ்ஸுக்கு நிண்டு படிச்சது. "பஸ் எக்க ஆவா" எண்டா நாங்கள் பாத்துக்கொண்டு நிண்ட 100 வந்திட்டுது, ஏறு. "பஸ் எக்கக் ஆவா" எண்டா ஏதோ பஸ் ஒண்டு வருது, போர்டை வாசி. இந்த வித்தியாசம் விளங்காமல் கொழும்பில ஒரு கிழமை தாக்குப்பிடிக்க ஏலாது. கொழும்பில தமிழ்ப் பிள்ளையளுக்கு இங்கிலிஷ் படிப்பிக்கிற நாங்கள் இதைத் தொடாமலே விட்டது ஏன் எண்டு எனக்கே வெக்கமா இருந்துது, வீட்டுக்குள்ள கிணத்தை வச்சுக்கொண்டு பைப்புக்கு லைன்ல நிண்ட மாதிரி.

பிறகு செய்தது

ரூல் பேப்பரைக் கிழிச்சன், நாடகத்துக்கு இல்லை, பின்பக்கம் எழுத வேணும் எண்டு. புதுசா ஒரே வேலைதான்: மெயில் எழுதி முடிய, அனுப்ப முதல், ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலயும் நிண்டு, இதைச் சிங்களத்தில இந்தக் கஸ்டமருக்குச் சொன்னா எக்க வருமோ எக்கக் வருமோ எண்டு பாக்கிறது. எக்க எண்டு வந்தா இன்னுமொரு கேள்வி, அந்த மனுசன் "எது?" எண்டு கேக்க வாய்ப்பிருக்கோ? இருந்தா நம்பரைப் போடு. ஒவ்வொரு கொன்டெய்னரிலயும் நாலு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கு, உலகத்தில எந்தத் துறைமுகத்திலயும் அதே முறைதான், கடைசி இலக்கம் முன்னால உள்ளதெல்லாம் சரியோ எண்டு பாக்கிறதுக்கு. அதை விடப் பெரிய 'த' இங்கிலிஷ்லயே இல்லை.

முதல்தரம்-ரெண்டாந்தரம் ரூல் ஏன் உடையுது எண்டதையும் காட்ட வேண்டியிருந்தது, ஏனெண்டா அந்த ரூல் அவருக்குள்ள ஆழமா இறங்கியிருந்தது, இறக்கினது நான். "நேத்து ஒரு 101ல ஏறினன், கண்டக்டர் மிச்சக்காசு தரேல்ல." இதில கண்டக்டரைப் பற்றி முதல்தரமாத்தான் சொல்லுறன், ஆனா இங்கிலிஷ்ல த கண்டக்டர்தான் வரும், பஸ் எண்டு சொன்னாப் பிறகு அதுக்கு ஒரு கண்டக்டர் இருப்பார் எண்டு எல்லாருக்கும் தெரியும். அதே பஸ்ஸில ஒரு யன்னல் சீற் கிடைச்சுது எண்டா எ, யன்னல் சீற் கனக்க இருக்கு. ரீஃபர் எண்டு சொன்னாப் பிறகு த கம்ப்ரெசர், த ப்ளக், ஒரு பெட்டிக்கு ஒண்டுதான். அவர் உடன "அப்ப கதவு?" எண்டார், கொன்டெய்னருக்குப் பின்னால ரெண்டு கதவு. ஒரு கதவு மட்டும் வளைஞ்சிருந்தா? எந்தப் பக்கம் எண்டு சொல்லாட்டி வன் ஒஃப் த டோர்ஸ். இவ்வளவு தூரம் அவராத்தான் வந்தவர்.

'த' சும்மா ஒரு சின்னச் சொல்லு எண்டு நினைக்கிறதை உடைக்க ரெண்டு கதை சொன்னன். ஒண்டு, உளவியல் ஆய்வாளர் எலிசபெத் லொஃப்டஸும் கைடோ சானியும் 1975ல வெளியிட்டது. கார் விபத்துப் படம் ஒண்டைக் காட்டிப்போட்டு, பாதிப் பேரிட்ட 'எ' போட்டு ஒரு உடைஞ்ச ஹெட்லைட்டைக் கண்டனீங்களோ எண்டு கேட்டிச்சினம், மற்றப் பாதியிட்ட 'த' போட்டு அந்த உடைஞ்ச ஹெட்லைட்டைக் கண்டனீங்களோ எண்டு. படத்தில இல்லாத சாமானைக் கூட 'த' கேட்ட ஆக்களில கூடப் பேர் கண்டம் எண்டு சொல்லிச்சினம். 'த' போட்டா சாமான் இருக்கு எண்டதைக் கேள்வி இல்லாமல் உள்ளுக்கு விட்டிடுது. தம்பி இதைக் கேட்டு அடுத்த கிழமையே எனக்கொரு மெயிலைக் காட்டினார், வேறொரு கஸ்டமர் எழுதினது, "ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன் த டெலே" எண்டு. "மிஸ், டெலேயே இல்லை, ஆனா இதுக்கு நான் விளக்கம் குடுத்தா டெலே நடந்தது எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி என்ன?" ஓம், அதேதான். டெலே நடக்கேல்ல எண்டு முதல் வரியில எழுதிப்போட்டுத்தான் மிச்சம் எழுதினவர்.

மற்றக் கதை ஐ.நா. பாதுகாப்புச் சபையின்ர 242ம் தீர்மானம், 1967 நவம்பர் 22. இஸ்ரேல் படைகள் அந்த வருசம் நடந்த சண்டையில பிடிச்ச பிரதேசங்களில இருந்து விலக வேணும் எண்டதில, இங்கிலிஷ்ல டெரிட்டரீஸ் எண்ட சொல்லுக்கு முன்னால த இல்லை. த இல்லாதபடியா எல்லாப் பிரதேசமும் எண்டு அர்த்தமில்லை எண்டு ஒரு பக்கம், ஃபிரெஞ்சில பாருங்கோ 'டே டெரித்துவார்' எண்டு ஆர்ட்டிகிளோட இருக்கு, எல்லாம்தான் எண்டு மற்றப் பக்கம். இதைத் தம்பிக்குச் சொன்னதுக்குக் காரணம் அரசியல் இல்லை. சிங்கள எக்க-எக்கக் வித்தை பன்மைக்கு வந்ததும் கைவிட்டிடும், 'பொத்' எண்டா புத்தகங்கள், அந்தப் புத்தகங்களோ ஏதோ புத்தகங்களோ எண்டு சொல்லு காட்டாது. தமிழும் காட்டாது. அதால பன்மையில மட்டும் 'எல்லாத்தையுமோ, கொஞ்சமோ' எண்டு வேற கேள்வி கேக்கச் சொன்னன். "ப்ளீஸ் ரிலீஸ் த கொன்டெய்னர்ஸ்" எண்டா அந்த புக்கிங்ல உள்ள எல்லாம்.

ஆறு கிழமைக்குப் பிறகு இன்னொரு கட்டு ப்ரின்ட். ரீஃபர் மாதிரி அடையாளம் சம்பந்தப்பட்ட பிழை ஒண்டே ஒண்டு, அதுவும் அவசரத்தில எழுதினது. திருந்தாதது: மாலே எண்டா வெறும் மாலே, நாட்டுக்கு த மோல்டீவ்ஸ், இது இன்னும் மாறி மாறி வருது. எ இன்ஃபர்மேஷன், எ எக்விப்மென்ட் இன்னும் போகேல்ல, இன்ஃபர்மேஷனை ஒண்டு ரெண்டு எண்டு இங்கிலிஷ்ல எண்ண ஏலாது எண்டதுக்கு எக்கக்கும் உதவாது, எங்கட ஒரு தகவலும் உதவாது, பாடமாக்க வேண்டியதுதான். சீஃப் க்ளார்க்குக்குச் சுகமில்லை எண்ட மெயில்ல இன் ஹொஸ்பிட்டலோ இன் த ஹொஸ்பிட்டலோ எண்டு கேட்டார், வருத்தமாக் கிடந்தா த இல்லாமல் எண்டு சொன்னன், அமெரிக்கன் த போடுவான், நாங்கள் பழைய வெள்ளைக்காரன்ர வழி. இதுகளால கப்பல் நிக்காது, நான் பெரிசா எடுக்கேல்ல.

போன கிழமை வந்து குந்தினதும் குந்தாததுமா ஒரு கேள்வி. பில் ஒஃப் லேடிங், கப்பல்ல ஏத்தின சாமானுக்கான பத்திரம், வழக்கமா மூண்டு ஒரிஜினல் அடிப்பினம், அங்க கஸ்டமர் அதில எதையாவது ஒண்டைக் குடுத்தா சாமானை எடுக்கலாம், மற்ற ரெண்டும் செல்லாமல் போகும். அவர் கஸ்டமருக்கு எழுத வேணும், டெலிவரி எடுக்க ஒரிஜினல் ஒண்டு குடுங்கோ எண்டு. "த ஒரிஜினலோ மிஸ், என்னெண்டு?"

நான் வாய் திறக்கேல்ல. மூண்டு பேப்பரையும் மேசையில விசிறி மாதிரிப் பிடிச்சு வச்சுக்கொண்டு யோசிச்சார்.

"எதைக் குடுத்தாலும் சரிதானே. அவர் எது எண்டு கேட்டா என்னட்டப் பதிலே இல்லை."

"அப்ப?"

"அன் ஒரிஜினல்" எண்டு தட்டி, அனுப்பிப்போட்டு, ப்ளேன்டீயை எடுத்தார்.